அச்சு முறிந்த ஊரிலிருந்து ஒரு பாடம்... உங்கள் கல்யாண வீடியோவுக்குள் ஒளிந்திருக்கும் மோஷன் கிராபிக்ஸ்!

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி சாலையில் தெற்கே வந்தால், மேல்மருவத்தூரைத் தாண்டியதும் வருகிறது அச்சரப்பாக்கம். பழைய பெயர் அச்சிறுபாக்கம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இங்குள்ள ஆட்சீஸ்வரர் கோயிலின் தலபுராணம் சொல்லும் கதை, சுற்றுவட்டாரத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். திரிபுரத்தை அழிக்க சிவபெருமான் தேரேறிப் புறப்படுகிறார். பூமியே தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்கு வேதங்களும் குதிரைகள், பிரம்மா சாரதி. இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். விநாயகரை வணங்கவில்லை. விளைவு, தேரின் அச்சு இற்றுப்போனது. அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம் ஆனது.

புராணத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த அச்சை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். சக்கரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதுதான் வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. இன்றைக்கு கம்ப்யூட்டரில் எழுத்துகளையும் படங்களையும் அசைத்து வீடியோ செய்யக் கற்றுக்கொள்ளும் எவரும் முதல் வாரத்திலேயே தடுக்கி விழுவதும் இதே இடத்தில்தான். மென்பொருளில் அதற்குப் பெயர் 'ஆங்கர் பாயின்ட்'. தமிழில் சொன்னால், அச்சு.

ஒரு கோயில் மணியின் படம் இருக்கிறது. அதை ஆட வைக்க வேண்டும். படத்தைத் திரையில் போட்டு 'சுழற்று' என்றால், மணி தன் வயிற்றைச் சுற்றி ஃபேன் மாதிரி சுழலும். காரணம், மென்பொருள் பெரும்பாலும் படத்தின் நட்டநடுவில் அச்சை வைத்திருக்கும். அதை மேலே, மணி மாட்டியிருக்கும் கொக்கிக்கு நகர்த்தினால் போதும், அதே கட்டளைக்கு மணி அழகாக ஆடும். கதவுக்கு அச்சு கீலில். கடிகார முள்ளுக்கு அடிமுனையில். முளைக்கும் செடிக்கு வேரடியில். அச்சை மாற்றினால் பொருளின் குணமே மாறிவிடும்.

கார்ட்டூனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மோஷன் கிராபிக்ஸ் என்றதும் பலருக்கும் கார்ட்டூன் படம்தான் நினைவுக்கு வரும். இரண்டும் பங்காளிகள்தான், ஆனால் ஒரே வீடு அல்ல. கார்ட்டூனில் ஒரு பாத்திரம் இருக்கும். அது அழும், சிரிக்கும், துரத்தும், கதை சொல்லும். மோஷன் கிராபிக்ஸில் நடிப்பது எழுத்து, எண், வட்டம், கட்டம், வரைபடம், லோகோ. வேலை, ஒரு தகவலை அசைவின் மூலம் சொல்வது.

செய்தி சேனலில் புயல் சின்னம் வங்கக்கடலில் சுழன்றுகொண்டே கரையை நோக்கி நகர்கிறதே, அது மோஷன் கிராபிக்ஸ். தேர்தல் முடிவு நாளில் கட்சிகளின் பட்டைகள் வளர்வதும் அதுதான். மளிகைக் கடையில் பணம் அனுப்பியதும் போன் திரையில் ஒரு பச்சை 'டிக்' விரிகிறது. முழு வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை. அந்த டிக் விரிந்த விதத்தைப் பார்த்தே கடைக்காரர் "வந்துடுச்சு, போங்க" என்கிறார். ஒரு விநாடிக்கும் குறைவான அசைவை நம்பிப் பணம் கைமாறுகிறது என்றால், இதைச் சும்மா அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பெயர் பரவக் காரணமானவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் விட்னி. 1960-ல் தன் நிறுவனத்துக்கே 'மோஷன் கிராபிக்ஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப்போரில் விமானங்களைச் சுடப் பீரங்கியைக் குறிவைக்கப் பயன்பட்ட கணக்கிடும் எந்திரத்தை மாற்றியமைத்து, அதில் வளைவுகளும் சுருள்களும் வரைந்தவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்தின் டைட்டிலில் சுழலும் சுருள்களில் அவருடைய பங்கு உண்டு. டைட்டிலை வடிவமைத்தவர் சால் பாஸ். படம் தொடங்கும்போது வெறும் பெயர்ப்பட்டியல் ஓடிய காலத்தில், அந்த இரண்டு நிமிடத்திலேயே படத்தின் மனநிலையைச் சொல்லிவிட முடியும் என்று காட்டியவர் அவர்.

திருவிழா சீரியல் செட் சொல்லும் ரகசியம்

கோயில் திருவிழாவில் சாலையோரம் சீரியல் செட் பல்புகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பந்தலில் அம்மன் உருவம், அவளைச் சுற்றி வெளிச்சம் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையில் எந்த வெளிச்சமும் ஓடவில்லை. ஒரு பல்பு அணைகிறது, பக்கத்துப் பல்பு எரிகிறது. அவ்வளவுதான். 'ஓடுகிறது' என்று முடிவு செய்வது நம் மூளை. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912-ல் இதை ஆராய்ந்து 'ஃபை' என்ற கிரேக்க எழுத்தால் பெயரிட்டார். சினிமா முதல் ரீல்ஸ் வரை அத்தனையும் மூளையின் இந்த அவசர முடிவின் மேல்தான் நிற்கின்றன.

எவ்வளவு வேகமாகப் படங்களை மாற்றினால் மூளை ஏமாறும்? சினிமாவுக்கு விநாடிக்கு 24 படங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு 25. இங்கே மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால் அந்தக் கணக்கு வந்தது. போனில் எடுக்கும் வீடியோ பொதுவாக 30. ஒவ்வொரு படத்துக்கும் 'ஃபிரேம்' என்று பெயர். கையால் வரைந்த காலத்தில் 24-ம் வரைய நேரமில்லாமல், ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து 12 ஓவியத்தில் ஒரு விநாடியை ஒப்பேற்றுவார்கள். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மூளை ஏமாறுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய படங்களில் சாரட்டு வண்டி முன்னோக்கி ஓடும், சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுழலும். ஆறு ஆரங்கள் உள்ள சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆரத்துக்கும் அடுத்த ஆரத்துக்கும் இடையே 60 டிகிரி. ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்குள் சக்கரம் 55 டிகிரி சுழன்றால், அடுத்த ஆரம் இருந்த இடத்துக்கு 5 டிகிரி பின்னால் இந்த ஆரம் வந்து நிற்கும். எல்லா ஆரமும் ஒரே மாதிரி இருப்பதால், 'சக்கரம் 5 டிகிரி பின்னால் போயிருக்கிறது' என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும்.

பஸ் எப்படிக் கிளம்புகிறது?

இந்தக் கலையின் அடிப்படைச் சொல் 'கீஃப்ரேம்'. முதல் விநாடியில் வட்டம் இடது ஓரத்தில் இருக்க வேண்டும், இரண்டாவது விநாடியில் வலது ஓரத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு முக்கிய நிலைகளை மட்டும் நாம் சொல்கிறோம். இடையில் உள்ள 24 ஃபிரேமையும் கம்ப்யூட்டர் நிரப்பிக்கொள்கிறது. டிஸ்னி ஸ்டூடியோவில் இதற்கு ஆள் வைத்திருந்தார்கள். தேர்ந்த ஓவியர் முக்கிய நிலைகளை வரைவார். உதவியாளர்கள் உட்கார்ந்து நடுவில் உள்ளவற்றை வரைந்து தள்ளுவார்கள். அந்த உதவியாளர்களின் நாற்காலியில்தான் இப்போது கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால், சொன்னதை மட்டும் செய்யும் உதவியாளர் அது. இரண்டு நிலைகளைக் கொடுத்தால் தூரத்தைச் சமமாகப் பங்கிட்டு, ஒரே வேகத்தில் தள்ளிவிடும். பார்த்தால் உயிரில்லாமல் இருக்கும். ஏன்?

அச்சரப்பாக்கம் நிறுத்தத்தில் பஸ் ஏறி நின்று பாருங்கள். கண்டக்டர் விசில் கொடுத்ததும் பஸ் எடுத்த எடுப்பில் அறுபதில் பாய்வதில்லை. உறுமுகிறது, ஊர்கிறது, பிறகுதான் வேகம் பிடிக்கிறது. நிறுத்தம் வரும்போதும் அப்படியே வேகம் குறைந்து, ஊர்ந்து, நிற்கிறது. எடையுள்ள எல்லாப் பொருளும் இப்படித்தான் நகரும். இதைத் திரையில் கொண்டுவருவதற்குப் பெயர் 'ஈஸிங்'. ஒரு விநாடியில் 100 அடி கடக்கும் பொருள் ஒரே வேகத்தில் போனால், கால் விநாடியில் 25 அடி போயிருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு ஈஸிங் முறையில் அதே கால் விநாடியில் சுமார் 16 அடிதான். அரை விநாடியில் இரண்டும் 50. முக்கால் விநாடியில் 75-க்குப் பதில் 84. புறப்பாடும் வந்துசேரும் நேரமும் ஒன்றுதான். நடுவில் நடந்த பங்கீடுதான் வேறு. 'யாரோ பழக்கமில்லாதவர் செய்த வீடியோ' என்று நமக்குத் தோன்றுவதற்கும், 'அட!' என்று தோன்றுவதற்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஈஸிங் போடுவதும் தவறு. தென்னையிலிருந்து விழும் தேங்காயைப் பாருங்கள். சம இடைவெளி நேரங்களில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். தரையைத் தொடும்போதுதான் அதற்கு உச்ச வேகம். தரைக்கு அருகில் வந்ததும் மெதுவாக இறங்கினால் அது தேங்காய் அல்ல, காற்றில் வரும் இறகு.

பஸ் இன்னொரு பாடமும் சொல்லித் தருகிறது. டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தால் பஸ் நின்றுவிடும். நிற்பவர்கள் முன்னால் சாய்ந்து, பிறகு பின்னால் வந்து நிலைக்கு வருவார்கள். கைப்பிடிகள் இன்னும் கொஞ்ச நேரம் ஆடும். பொருள் நின்ற பிறகும் அதன் பாகங்கள் தொடர்ந்து அசைவதை டிஸ்னி ஓவியர்கள் ஒரு விதியாகவே எழுதிவைத்தார்கள். ஃபிராங்க் தாமஸ், ஓலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-ல் வெளியிட்ட புத்தகத்தில் அசைவின் 12 விதிகள் இருக்கின்றன. உலகமெங்கும் அனிமேஷன் வகுப்புகளில் இன்றும் அதுதான் பாடம்.

மாமல்லபுரத்துக்கு ஒரு நடை

அந்த 12 விதிகளில் பாதியை, புத்தகம் வருவதற்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே பல்லவ நாட்டுச் சிற்பிகள் கல்லில் காட்டியிருக்கிறார்கள். அச்சரப்பாக்கம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் மாமல்லபுரமும் இருக்கிறது.

அங்கே மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் போய் நின்று பாருங்கள். ஒரு பக்கச் சுவரில் எட்டுக் கைகளோடு துர்க்கை, சிங்கத்தின் மேல் ஏறி வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எதிரே எருமைத் தலை மகிஷன். கதாயுதம் கையில் இருக்கிறது, உடல் மட்டும் பின்னால் சாய்ந்துவிட்டது. அவன் இன்னும் விழவில்லை. ஆனால் அடுத்த ஃபிரேமில் என்ன நடக்கும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒரு கீஃப்ரேம் எப்படி இருக்க வேண்டும் என்றால் இப்படித்தான். முன்பு நடந்ததும் பின்பு நடக்கப்போவதும் ஒரே நிலையில் தெரிய வேண்டும். அப்படியே திரும்பினால், எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். அத்தனையும் கிடைமட்டக் கோடுகள், அத்தனையும் அமைதி. சாய்ந்த கோடு பரபரப்பைச் சொல்லும், படுத்த கோடு ஓய்வைச் சொல்லும் என்ற வடிவமைப்புப் பாடத்துக்கு ஒரே அறைக்குள் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

வெளியே வந்தால் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சரிவில், இதோ உருளப்போகிறேன் என்பது போலவே நிற்கும் பாறை. உருளுவதே இல்லை. ஆனாலும் அதன் கீழே நின்று போட்டோ எடுப்பவர்கள் தங்களை அறியாமல் ஒரு கையைத் தூக்கிவிடுகிறார்கள். ஓர் அசைவுக்கு முன்னால் வரும் 'இதோ வரப்போகிறது' என்ற அந்தப் பதற்றத்தைத் திரையில் உருவாக்கத்தான் ஓவியர்கள், குதிக்கப்போகும் பாத்திரத்தை முதலில் குனிய வைக்கிறார்கள். கபடியில் பாடிப்போகிறவர் பாய்வதற்கு முன் ஒரு கணம் பின்வாங்குவாரே, அதேதான். எழுத்துகளுக்கும் இது பொருந்தும். திரைக்குள் பாயும் ஒரு தலைப்பு, நான்கைந்து ஃபிரேம் பின்னால் நகர்ந்துவிட்டுப் பாய்ந்தால் அதற்குத் தசை முளைத்துவிடும்.

ஆழத்தைக் காட்டும் வித்தைக்கு மாமல்லபுரம் வரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். பக்கத்துக் கம்பங்கள் பறக்கும், நடுவில் பனைமரங்கள் நடக்கும், தூரத்து மலை கூடவே வரும். ஒரே போட்டோவிலிருந்து ஆள், மரம், வானம் மூன்றையும் தனித்தனியாக வெட்டி, மூன்று லேயராக அடுக்கி, மூன்று வேகத்தில் நகர்த்தினால் தட்டைப் படத்துக்குள் ஓர் உலகம் திறக்கும். டிஸ்னி இதற்காகவே கண்ணாடித் தட்டுகளை அடுக்கிய உயரமான கேமரா ஒன்றைச் செய்து, 1937-ல் 'தி ஓல்ட் மில்' குறும்படத்தில் பயன்படுத்தினார். இப்போது போன் ஆப்களிலேயே அந்த வசதி இருக்கிறது.

கண் சின்னம் முதல் 'சூப்பர் ஸ்டார்' வரை

தோல்பாவைக்கூத்தைப் பார்த்த தாத்தா, பாட்டிகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆட்டுத்தோலில் வெட்டிய பாவைக்குத் தோள், முழங்கை, இடுப்பில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஓர் அச்சு. மேல்கையை ஆட்டினால் முன்கையும் கூடவே வரும். மென்பொருளில் கையைத் தோளோடு 'பேரன்ட்' செய்வது என்பது அந்த முடிச்சைத் தவிர வேறில்லை.

தொலைக்காட்சி வந்தபோது நம் வீடுகளில் நுழைந்த முதல் மோஷன் கிராபிக்ஸ் எது என்று கேட்டால், தூர்தர்ஷனின் கண் சின்னத்தைச் சொல்லலாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த தேவாசிஷ் பட்டாச்சார்யா வரைந்தது. வளைவுகள் சுழன்று சுழன்று கடைசியில் கண்ணாகக் கூடும். கம்ப்யூட்டர் இல்லை, வரைபடத்தின் பிரதிகளைக் கேமராவுக்குக் கீழே வைத்துச் சுழற்றிச் சுழற்றி எடுத்த படம். ஷெனாயோடு அது சுழலத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்த காலத்தை நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1989-ல் ஏவி.எம் தயாரிப்பில் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியோடும் குழந்தைகளோடும் கார்ட்டூன் விலங்குகள் ஆடின. அனிமேஷன், இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்லப்படும் ராம்மோகன். அடுத்து 1992. சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை'. இருட்டுத் திரையில் ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கூடி 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்துகளாக மாறும். தேவாவின் இசை ஒவ்வொரு எழுத்துக்கும் அடி கொடுக்கும். பிறகு ரஜினி என்ற பெயர். தியேட்டர் அதிரும். யோசித்துப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது? திருவிழா சீரியல் செட்டின் அதே வித்தை. ஆனால் எழுத்து முழுதாகத் தெரிவதற்குள் கொடுத்த காத்திருப்பும், அசைவும் ஒலியும் ஒரே ஃபிரேமில் சந்தித்த துல்லியமும் அதைத் தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான மோஷன் கிராபிக்ஸாக மாற்றிவிட்டன. ஒலியைக் குறைத்துவிட்டு அதைப் பார்த்தால் பாதிக்கும் மேல் காணாமல் போயிருக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1993-ல், அமெரிக்காவில் ஒரு சிறிய நிறுவனம் 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. விரைவிலேயே அது அடோபியின் கைக்குப் போனது. ஸ்டூடியோக்களின் பெரிய எந்திரங்களில் மட்டும் நடந்த வேலை மேசைக் கம்ப்யூட்டருக்கு இறங்கியது அப்போதுதான்.

'தி'க்குள் ஒளிந்திருக்கும் சிக்கல்

அச்சு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு: அச்சடிப்பது. கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்த சிறிய ஊர் அச்சகங்களிலும் ஸ்டூடியோக்களிலும் இப்போது வாட்ஸ்அப் அழைப்பிதழ் வீடியோவும் செய்து தருகிறார்கள். இந்தத் தொழிலில் இறங்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில மாடல்களில் வராத ஒரு தலைவலி, தமிழில் வந்து நிற்கிறது.

'திருமணம்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகத் திரையில் தட்டச்சு செய்வது போல் காட்ட வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்த ரெடிமேட் டெம்ப்ளேட்டில் இதைப் போட்டால், முதலில் 'த' வரும், அடுத்த நொடி அது 'தி' ஆகும். பிறகு 'ர' வந்து 'ரு' ஆகும். கம்ப்யூட்டருக்கு 'தி' என்பது ஓர் எழுத்து அல்ல. த என்ற குறியும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. 247 எழுத்துகளுக்கும் யூனிகோடில் தனித்தனி இடம் கிடையாது. கொம்பு வரும்போது கூத்து உச்சத்துக்குப் போகும். 'பொன்னி' என்ற பெயரில் 'பொ'வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். எழுத்துகளைத் தனித்தனியாகப் பறக்கவிடும் வித்தையில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பறந்து, மணப்பெண்ணின் பெயரே உதிர்ந்துவிடும். பழைய யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பெயரை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் முழுப் பத்திரிகையும் புரியாத குறிகளாக மாறும் கதை தனி.

இதற்கு வழிகள் உண்டு. முதலாவது, மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருந்தால் அதை மாற்றிக்கொள்வது. பல கணினிகளில் அது மாற்றப்படாமலே கிடக்கும். இரண்டாவது, எழுத்து எழுத்தாக அசைக்காமல் சொல் சொல்லாக அசைப்பது. மூன்றாவது, சொல்லை முழுதாக வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு 'மாஸ்க்' போட்டு இடமிருந்து வலமாகத் திரையை விலக்குவது. எழுத்து உடையவே உடையாது. பேனாவால் எழுதுவது போன்ற தோற்றமும் கிடைக்கும். நான்காவது வழி பொறுமைசாலிகளுக்கு: எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, கொம்பையும் காலையும் உரிய மெய்யோடு கையால் கட்டிவைத்து, பிறகு அசைப்பது. அப்போது கொம்பு முதலில் வந்து நின்று மெய்யை வரவேற்பது போன்ற அழகெல்லாம் செய்யலாம். தமிழ் எழுத்தின் சுழிகளும் வளைவுகளும் அசைவதற்கென்றே பிறந்தவை. டெம்ப்ளேட்டை நம்பி அதை இழப்பதுதான் பரிதாபம்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதும் கவனிக்க வேண்டியது. போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் குறுகிய திரையில் 'வரவேற்பு நிகழ்ச்சி' என்பதை எங்கே மடிக்கிறோம் என்பது முக்கியம். சொல்லின் நடுவில் மடித்தால் கண் தடுக்கும். வாட்ஸ்அப்பில் போகும்போது வீடியோ சுருங்கித் தரம் குறையும் என்பதால், மெல்லிய கோட்டு எழுத்துருக்கள் மங்கிப்போகும்.

முகூர்த்த நேரத்தைப் படிக்க விடுங்கள்!

பூ மழை பொழியும், மயில் தோகை விரிக்கும், தங்கத் துகள்கள் பறக்கும், தேதியும் மண்டபமும் மின்னலாய் வந்து போய்விடும். "எங்கப்பா கல்யாணம்? திரும்பப் போடு" என்று பாட்டி கேட்பார். பேரன் விரலால் நிறுத்தி நிறுத்திக் காட்டுவான். ஓர் அழைப்பிதழ் தோற்றுப்போகும் இடம் இது. வீடியோ செய்தவருக்கு அந்த வரிகள் மனப்பாடம் என்பதால், ஒரு விநாடியே அவருக்கு அதிகமாகத் தெரியும். எடிட்டர்களிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு: திரையில் உள்ளதை வாய்விட்டு இரண்டு முறை படித்து முடிக்கும்வரை எழுத்து நிற்க வேண்டும். முக்கியமாக, வந்து சேர்ந்த எழுத்து அசையாமல் நிற்க வேண்டும். எல்லாம் எப்போதும் அசைந்தால் எதையும் பார்க்க முடியாது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்டன. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலருக்கு வலிப்பு, தலைசுற்றல், வாந்தி. நான்கு மாதங்கள் அந்தத் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. ஒளி மின்னுவதால் வலிப்பு வரக்கூடியவர்கள் எல்லாச் சமூகத்திலும் சிலர் இருக்கிறார்கள். அது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாமலும் இருக்கலாம். ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய வழிகாட்டுதல். ரீல்ஸில் 'ஸ்ட்ரோப்' எஃபெக்டை ஒரு தட்டில் சேர்த்துவிடலாம் என்பதற்காகச் சேர்த்துவிடாதீர்கள். இருட்டறையில் போனை முகத்தருகே வைத்துப் பார்க்கும் குழந்தைகளுக்கு இது கூடுதல் ஆபத்து.

எங்கே கற்றுக்கொள்வது?

பிளஸ் டூ முடித்த பிள்ளை 'அனிமேஷன் படிக்கிறேன்' என்று சொன்னால், பெற்றோர் முதலில் கேட்பது ஃபீஸ் எவ்வளவு என்றுதான். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர் அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. வடிவத்தின் அடிப்படையைக் கல்லிலும் மரத்திலும் கற்க ஆசைப்படுபவர்களுக்கு மாமல்லபுரத்திலேயே 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. தனியார் பயிற்சி மையங்களில் சேர்வதாக இருந்தால், 'நூறு சதவிகித வேலை' என்ற பேனரைப் பார்க்காமல், அங்கே படித்த மாணவர்கள் தாங்களே செய்த வீடியோக்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோருடைய வீடியோவிலும் ஒரே டெம்ப்ளேட் ஓடினால், அங்கே மென்பொருளின் பட்டன்களைச் சொல்லித் தருகிறார்கள், அசைவைச் சொல்லித் தரவில்லை என்று பொருள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் மூன்று மாதம் இலவச மென்பொருளில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பிள்ளைக்கே பிடித்திருக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

'பிளெண்டர்' முற்றிலும் இலவசம். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்ற லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் மோஷன் கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனில் 'அலைட் மோஷன்' போன்ற ஆப்கள். எதைத் திறந்தாலும் இடம், அளவு, சுழற்சி, ஒளிபுகும் தன்மை, அச்சு என்ற அதே ஐந்து கட்டுப்பாடுகள்தான் முன்னால் வந்து நிற்கும். இப்போது ஒரு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே வீடியோ செய்து தருகிறது என்பது உண்மை. மயிலையும் பூமழையையும் அதனிடம் வாங்கிக்கொள்ளலாம். மண்டபத்தின் பெயர் சரியாக இருக்கிறதா, பாட்டி படித்து முடிக்கும்வரை நிற்கிறதா என்பதை அழைப்பிதழ் செய்பவர்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தரை, ஒரு பாட்டில் மூடி, ஒரு போன். போனைப் புத்தக அடுக்கின் மேல் ஆடாமல் வையுங்கள். மூடியை ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை நகர்த்தி 12 போட்டோ எடுங்கள். பிறகு அதே தூரத்தை, முதல் நான்கு போட்டோவுக்கு அரிசி அளவும், நடுவில் நான்குக்கு இரண்டு விரற்கடையும், கடைசி நான்குக்கு மறுபடி அரிசி அளவுமாக நகர்த்தி இன்னொரு 12 எடுங்கள். இரண்டு வரிசையையும் கேலரியில் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். எந்த மூடி பஸ் மாதிரி கிளம்பி நிற்கிறது என்று வீட்டில் சின்னவரிடம் கேளுங்கள்.